வெட்டுப்பட்ட தம்பி என்ன சொல்கிறார்?

கடிதம் எழுதியவர் 27 வயதுப் பெண். சென்னையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அப்பாவோடும் இரண்டு தம்பிகளோடும் வசிக்கிறார். அம்மா இல்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவர் எழுதியதன் சாரத்தைத் தருகிறேன்.

பெரிய தம்பிக்கு 21 வயது, டூவீலர் மெக்கானிக். டீக்கடை வாசலில் பைக் உரசியதில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனோடு வாய்த்தகராறு. "என்னடா முறைக்கிற" என்று ஆரம்பித்தது அன்றைக்கு அதோடு நின்றது. இரண்டு நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்கு, ஒரே வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கத்தியை ஓங்கினான். தம்பி கையைத் தூக்கித் தடுத்ததில் வலது முன்கையில் வெட்டு விழுந்தது. 11 தையல். மூன்று வாரமாக ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும், புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கிடைத்தது, எப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லை.

இதற்கிடையில் அந்தப் பகுதியில் எல்லோரும் 'அண்ணன்' என்று கூப்பிடும் ஒருவர் பஞ்சாயத்துப் பேச வந்திருக்கிறார். ஒன்றரை லட்சம் வாங்கித் தருவாராம். பதிலுக்கு, புகாரை வாபஸ் வாங்க வேண்டும், எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கடன் இருப்பதால் அப்பா சரி என்கிறார். தம்பியின் நண்பர்களோ "கை வச்சவன் கையை எடுக்காம விடமாட்டோம்" என்று சுற்றுகிறார்கள். 17 வயதுச் சின்னத் தம்பியும் அவர்களோடு சேர்ந்துவிட்டான். போன வாரம் பரணில், பழைய லுங்கியில் சுற்றிய ஒரு நீளக் கத்தியை இவர் பார்த்திருக்கிறார். "அவங்க வெட்டினாங்க, நாங்க திருப்பிக் கொடுத்தா அது தற்காப்புதானே, எனக்கு வயசும் ஆகல" என்கிறானாம் அவன்.

பணத்தை வாங்கலாமா, போலீஸ் நம் பேச்சைக் கேட்குமா, கத்தி விஷயத்தை வெளியே சொன்னால் தம்பிக்கே துரோகம் செய்ததாகாதா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை சட்டப் பிரிவுகள்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது தடவைதான் ஒன்று உறைத்தது. அப்பா என்ன நினைக்கிறார், அண்ணன் என்ன கேட்கிறார், நண்பர்கள் என்ன திட்டம் போடுகிறார்கள், சின்னவன் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். வெட்டுப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழிக்குப் பழி என்ற பேச்சு கிளம்பிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் ஆகிறது. அடிபட்டவன் பேரைச் சொல்லி மற்ற எல்லோரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

அந்த நண்பர்களின் கோபத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ரத்தம் வழிய வந்தவனை உட்கார வைத்து, ஒரு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினால், "நம்மளை யார் கேட்கப் போறா" என்ற எண்ணம் தானாக வரும். வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் நாளைக்கு எவன் வேண்டுமானாலும் கை வைப்பான் என்ற பயமும் கற்பனை அல்ல. ஆனால் பக்கத்துத் தெருவிலும் இதே பயம், இதே கணக்கு ஓடுகிறது. இவர்கள் அடித்தால் 'முடிந்தது' என்று அங்கே யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

பல வருடங்களுக்கு முன் வழக்கறிஞராக நான் நடத்திய ஒரு வழக்கு இது போலத்தான். ஒரு வெட்டு, அதற்கு ஒரு பதில் வெட்டு, இரண்டு வழக்குகள், ஒரே நீதிமன்றம். இரண்டு பக்கத்து அம்மாக்களும் வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் மடியிலும் வழக்குக் காகிதம் வைத்த மஞ்சள் பை. ஆறு வருடம் வாய்தாவுக்கு வாய்தா வந்தார்கள். முதலில் வெட்டு வாங்கியவன் என் கட்சிக்காரரின் மகன். அது எங்கள் பக்க நியாயம் என்று நம்பித்தான் வழக்கை எடுத்தேன். விசாரணைக்கு வந்தபோது அந்த நியாயம் வழக்குக் கட்டில் 'முன்விரோதம்' என்ற ஒற்றை வார்த்தையாகச் சுருங்கியிருந்தது. அதைவிட மோசம், அந்த முன்விரோதமே அவன் வெட்டியதற்கான நோக்கமாக அரசுத் தரப்பால் காட்டப்பட்டது. அன்றைக்கு அவன் அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

இன்று சட்டத்தின் முன் உங்கள் குடும்பம் பாதிக்கப்பட்ட குடும்பம். உங்களிடம் இருக்கும் பெரிய பலம் அதுதான். பரணில் இருக்கும் கத்தி வெளியே போகும் நிமிடத்தில் அது போய்விடும்.

தற்காப்பு எதுவரை?

சின்னவன் சொல்வதில் பாதி சரி. கத்தி ஓங்கிய அந்த நொடியில் உங்கள் பெரிய தம்பி தடுத்திருக்கலாம், தள்ளியிருக்கலாம், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்குத் திருப்பி அடித்தும் இருக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அந்த உரிமையைத் தருகின்றன. ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் தொடங்கும்போது இந்த உரிமை தொடங்குகிறது, அந்த அச்சம் இருக்கும் வரைதான் இருக்கிறது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. மூன்று வாரம் கழித்து, ஆள் எங்கே வருகிறான் என்று நோட்டம் பார்த்துப் போய் வெட்டுவது எந்தக் கணக்கிலும் தற்காப்பு ஆகாது.

"ஆத்திரத்தில் செய்துவிட்டான்" என்ற வாதமும் உதவாது. திடீரென்று தூண்டப்பட்ட கடும் ஆத்திரத்துக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு என்பது உண்மை. அதில் 'திடீரென்று' என்ற சொல்தான் முக்கியம். கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இல் இதைத் தெளிவாகச் சொன்னது. மனைவிக்கு இன்னொருவருடன் உறவு இருப்பதைக் கேள்விப்பட்டதற்கும் அந்த மனிதரைச் சுட்டதற்கும் நடுவே சுமார் மூன்று மணி நேரம் இருந்தது. மனம் அடங்க அந்த மூன்று மணி நேரம் போதும் என்று சொல்லி ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் வீட்டில் ஓடியிருப்பது மூன்று வாரம்.

வெட்டுகிறவன் மட்டும்தான் மாட்டுவான் என்று அந்தப் பையன்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அதுவும் தப்பு. எல்லோருக்கும் பொதுவான எண்ணத்தோடு சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் முழுக் குற்றத்துக்கும் பொறுப்பு. வண்டி ஓட்டியவன், முனையில் நின்று "வர்றான்" என்று போன் போட்டவன், பொருளை வாங்கிக் கொடுத்தவன், எல்லோரும் அதே வழக்கில் வருவார்கள். வாட்ஸ்அப்பில் "சம்பவம் பண்றோம்" என்று பேசிய ஆடியோ சதித்திட்டத்துக்குச் சாட்சியமாகும். இதற்கு மேல், தமிழ்நாட்டின் 1982ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டம் இருக்கிறது. காவல்துறை ஒருவரைக் 'குண்டாஸில்' போட்டால், விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ரவுடி பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அப்புறம் ஊரில் என்ன நடந்தாலும் முதலில் கதவு தட்டுவது அந்த வீட்டில்தான்.

சின்னவனும் பரணில் இருக்கும் கத்தியும்

பதினெட்டு ஆகாதவர்களுக்குச் சட்டம் தனி வழி வைத்திருப்பது உண்மை. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம், 2015 அந்த வழியில் ஒரு கிளையைத் திறந்துவிட்டது. 16 வயது முடிந்து 18 ஆகாத ஒருவர் மிகக் கொடிய குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவருடைய மனமுதிர்ச்சியை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிடும். அதன்பின் பெரியவரைப் போலவே விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். கொலை அந்த வகைக் குற்றம். கையை வெட்டத்தான் போனோம் என்பார்கள். தொடையில் ரத்தக்குழாய் அறுந்து ஆள் செத்துப்போன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு சந்தேகம். அந்தக் கத்தி சின்னவனுடையதுதானா? வயதில் சின்னவன், அவன் வீட்டில் யாரும் தேட மாட்டார்கள் என்று பெரிய பையன்கள் அவனிடம் கொடுத்து வைப்பது வழக்கம். அப்படியென்றால், குழந்தையைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு நியாய சன்ஹிதாவின் 95ஆவது பிரிவில் மூன்று முதல் பத்து வருடம் வரை சிறை. கெத்து என்று நினைத்து அவன் சுமப்பது இன்னொருவனுடைய ஆபத்தை. இதை அவனிடம் தனியாக, நண்பர்கள் இல்லாத நேரத்தில், சத்தம் போடாமல் சொல்லுங்கள். அக்காவாக நீங்கள் சொன்னால் காதில் விழும். அப்பா சொன்னால் எகிறுவான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

கத்தியை நீங்களாகவே கிணற்றிலோ கால்வாயிலோ வீசாதீர்கள், கழுவவும் வேண்டாம். அது ஏற்கெனவே வேறு எதற்காவது பயன்பட்டிருந்தால், தடயத்தை அழித்த பழி உங்கள் மேல் விழும். ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துப் போய் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். கொலை போன்ற குற்றத்தைச் செய்ய ஒருவர் எண்ணியிருப்பது தெரிந்தால் அதிகாரிகளிடம் சொல்வது எல்லோருக்கும் கடமை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே, அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆவது பிரிவே சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் நடப்பது தடுப்பு நடவடிக்கை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, அமைதி காப்போம் என்று ஓராண்டு வரை பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அது தண்டனைத் தீர்ப்பு அல்ல. சம்பவம் நடந்த பிறகு சொன்னால் வரப்போவது கைது. இரண்டில் எது தம்பிக்கு நல்லது என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றரை லட்சமும் வெற்றுத்தாளும்

அப்பாவின் கடன் எனக்குப் புரிகிறது. மூன்று வாரம் ஒரு வருமானம் நின்றால் வீடு என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியது, கொலை முயற்சி ஆகியவை இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல. சமரசத்தை ஏற்று இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் உண்டு. அதுவும் ஆயுதம், காயம், சூழ்நிலை எல்லாவற்றையும் பார்த்துத்தான். அதற்கு நேர்மாறாக, குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றப் பணம் வாங்குவது நியாய சன்ஹிதாவின் 250ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். அண்ணன் வாங்கித் தரும் பணம் நாளைக்கு உங்கள் அப்பாவையே குற்றம் சாட்டப்பட்டவராக நிறுத்தலாம். வெற்றுத்தாளில் பிறகு என்ன வேண்டுமானாலும் எழுதலாம்: "எங்கள் மகன் தவறி விழுந்து கண்ணாடி குத்தியது" என்றுகூட.

கட்டப்பஞ்சாயத்துகள் முழுக்கச் சட்டவிரோதம், அவற்றை ஒடுக்கியே ஆக வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுக சேர்வை வழக்கில் கடுமையாகச் சொன்னது. அது சாதிக் கொடுமை சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனாலும் அந்தக் கண்டனம் எல்லா அண்ணன்களுக்கும் பொருந்தும். ஒன்றைக் கவனியுங்கள். நண்பர்கள் பழிவாங்கினால் இரண்டு பக்கமும் வழக்கு வரும். இரண்டு பக்கமும் வழக்கு வந்தால் "ரெண்டு பேரும் வாபஸ் வாங்குங்க" என்று மறுபடி அதே அண்ணன்தான் வருவார், இந்த முறை இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு. பழிவாங்கலும் பஞ்சாயத்தும் எதிரெதிர் வழிகள்போலத் தெரிந்தாலும், ஒன்று மற்றொன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

பணத்துக்கு நேர் வழி உண்டு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். உடனே கைக்கு வந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், அலைய வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பணத்துக்காக யாரும் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

எப்.ஐ.ஆர். போட வைப்பது எப்படி?

சி.எஸ்.ஆர். ரசீது புகாரை வாங்கியதற்கு அடையாளம், அவ்வளவுதான். கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குக் கீழ் தண்டனை உள்ள சில குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. உங்கள் தம்பியின் வழக்கு அதற்கும் மேலே போகக்கூடியது.

ஏன் என்று சொல்கிறேன். 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். பழைய சட்டத்தில் 20 நாளாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 15 நாள். உங்கள் தம்பிக்கு மூன்று வாரம். ஆயுதத்தால் ஏற்படுத்திய கொடுங்காயத்துக்கு நியாய சன்ஹிதாவின் 118ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆகவே மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, தையல் பிரித்த தேதி, வேலைக்குப் போகாததைக் கடை முதலாளி எழுதிக் கொடுக்கும் கடிதம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

காவல் நிலையம் மறுத்தால் புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175ஆவது பிரிவின் கீழ் மனு போடலாம். விசாரிக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும். எப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எதிரிகள் ஜாமீன் கேட்கும்போது "எங்கள் தரப்பையும் கேளுங்கள்" என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மிரட்டல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று எழுதிக் கொடுங்கள். போனில் வந்தவற்றை அழிக்க வேண்டாம். 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்தால், ஆபத்தின் அளவைப் பொறுத்துப் பாதுகாப்புக்கு உத்தரவிடுவார்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். தம்பியின் பெயரில் கேட்கும்போது வருமானச் சான்று கேட்கக்கூடும்.

இப்போது பெரிய தம்பிக்கு வருகிறேன். இன்றிரவு அவரோடு தனியாக உட்காருங்கள். நண்பர்கள் வேண்டாம், அப்பாகூட வேண்டாம். "உனக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேளுங்கள். வழக்கு நடத்த வேண்டும் என்பாரோ, பயமாக இருக்கிறது என்பாரோ, எனக்குத் தெரியாது. அழவும் செய்யலாம். தன் பேரில் யாரும் உள்ளே போக வேண்டாம் என்று அவர் நினைத்தால், அதை நண்பர்களிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும். வேறு யார் சொன்னாலும் அந்தப் பையன்கள் கேட்க மாட்டார்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து நடந்ததை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவருடைய கை இன்னும் சரியாகவில்லை, நீங்களே எழுதுங்கள். "கையில் வெட்டினார்கள்" என்று முதல் புகாரில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கத்தி எங்கே பார்த்து இறங்கியது? தோளுக்கா, தலைக்கா, கழுத்துக்கா? கழுத்துக்கு வந்ததைக் கையால் தடுத்திருந்தால் அது கொலை முயற்சியாகவும் இருக்கலாம், அந்த ஒரு வரியால் வழக்கே மாறும். கையைக் குறிவைத்துத்தான் வந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். வந்தது மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான். கோபத்தில் அவர்களுடைய அண்ணனையும் சித்தப்பாவையும் சேர்த்து எழுதிய புகார்கள் குறுக்கு விசாரணையில் உடைவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது உண்மையாக வெட்டியவனும் தப்பித்துவிடுகிறான்.

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். திருத்தச் சொன்னால் திருத்துங்கள். நாளைக் காலையில் அந்தத் தாள், ஏ.ஆர். நகல், சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவரே பேசட்டும்.